தாங்கலுக்கு அடுத்த கைகள்

(ஊர் நிழல் தாங்கல்களில் பணிவிடைப் பயிற்சி நடத்துவதற்கான பாடம்)

இந்தப் பாடத்துக்குள் போகுமுன் உங்கள் ஊர்த் தாங்கலை நினைத்துக்கொண்டு நான்கு கேள்விகளுக்கு மனத்துக்குள் விடை சொல்லுங்கள். பள்ளியறைச் சாவி யாரிடம் இருக்கிறது? திருஏட்டைத் தட்டுத் தடையின்றி வாசிக்க யாருக்குத் தெரியும்? அன்னதருமத்துக்கு எத்தனை கிலோ அரிசி போடவேண்டும் என்று யாரைக் கேட்பீர்கள்? வரவு செலவு நோட்டு எந்த வீட்டில் இருக்கிறது?

நான்குக்கும் ஒரே ஒருவரின் பெயர் விடையாக வந்தால், அந்தப் பெரியவருக்கு ஊரே கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தத் தாங்கல் ஒற்றைக்கால் பந்தலாக நிற்கிறது என்பதையும் நாம் உணரவேண்டும். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் விளக்கேற்ற ஆள் இல்லை. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கோ யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. தினமும் திறந்த தாங்கல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும். பிறகு மாதம் ஒரு நாள். பிறகு திருவிழாவுக்கு மட்டும். இப்படித்தான் நிழல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது.

இதைத் தடுக்க வழி உண்டு. அந்த வழியை அய்யாவே நமக்குக் காட்டிவைத்திருக்கிறார்.

1. அய்யா செய்துவைத்த ஏற்பாடு

அய்யா வைகுண்டர் கொல்லம் 1008-ஆம் ஆண்டு மாசி 20 அன்று திருச்செந்தூர்க் கடலில் அவதரித்தார். கொல்லம் 1026-ஆம் ஆண்டு, அதாவது 1851-இல், வைகாசி 21 அன்று வைகுண்டம் ஏகினார். இடைப்பட்டது 18 ஆண்டுகள். அதில் ஆறு ஆண்டுகள் தவத்தில் போயின. திருவிதாங்கூர் அரசு அவரைச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்த காலமும் அந்தப் பதினெட்டுக்குள் அடக்கம். இத்தனை குறுகிய காலத்தில் அய்யா என்னென்ன செய்துவைத்தார் என்று எண்ணிப் பாருங்கள்.

முதலாவது, சீடர்கள். தருமர், வீமர், அர்ச்சுனர், நகுலர், சகாதேவர் என்று பாண்டவர் பெயர் பெற்ற ஐந்து சீடர்களை அய்யா தம் அருகில் வைத்துக்கொண்டார். வழியைப் பல ஊர்களுக்கும் எடுத்துச் செல்லும் பொறுப்பு அவர்களுக்கு வந்தது.

இரண்டாவது, துவையல் தவசு. எழுநூறு குடும்பங்களை வாகைப்பதிக்கு அனுப்பி, கடற்கரையில் தவவாழ்வு வாழச் செய்தார். அது பின்னர் முட்டப்பதியில் தொடர்ந்தது. நாள்தோறும் கடலில் நீராடல், உடுத்திய துணியைத் துவைத்தல், பச்சரிசியும் பயறும் சேர்த்துப் பொங்கிய ஒரு நேர உணவு, மற்ற நேரமெல்லாம் அய்யாவின் நினைவு. எழுநூறு ஆண்கள் என்று மரபு சொல்லவில்லை; எழுநூறு குடும்பங்கள் என்றே சொல்கிறது. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகவே அந்த ஒழுக்கத்தைக் கற்றார்கள்.

மூன்றாவது, ஏடு. சகாதேவர் எனப்பட்ட அரிகோபாலன் சீடர் கார்த்திகை 27 அன்று அகிலத்திரட்டு அம்மானையை எழுதத் தொடங்கினார் என்பதை நாம் அறிவோம். அது அச்சில் வந்தது 1939-இல். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அச்சுப் புத்தகம் இல்லாமலே ஏடு ஊர் ஊராக வாழ்ந்தது. வாசிக்கத் தெரிந்த ஒருவர் தெரியாத இன்னொருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததால்தான் அது நம் கைக்கு வந்து சேர்ந்தது.

நான்காவது, நிழல் தாங்கல்கள். அகஸ்தீஸ்வரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம், செட்டிகுடியிருப்பு என்று அய்யாவின் காலத்திலேயே ஏழு தாங்கல்கள் உண்டாயின. துவையல் தவசு முடித்து ஊர் திரும்பியவர்களைத் துவையல் பண்டாரங்கள் என்று மக்கள் அழைத்தார்கள். தாங்கள் கற்ற ஒழுக்கத்தை அவர்கள் போன இடமெல்லாம் கொண்டுபோனார்கள்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். தம் திருமேனி கண்ணுக்கு முன்னால் இல்லாத காலத்திலும் தருமம் நடக்கவேண்டும் என்று அய்யா தாம் இருக்கும்போதே ஆட்களைப் பழக்கினார். தேவை வந்த பிறகு ஆள் தேடவில்லை. நம் தாங்கலின் பெரியவர்கள் இன்று செய்யவேண்டியதும் அதுவே. இந்தப் பாடம் முழுவதும் அந்த ஒரு கருத்தின் விரிவுதான்.

2. தலைப்பாகையும் கண்ணாடியும்

பயிற்சி என்றதும் சிலர் மனத்தில் ஓர் ஐயம் எழும். "தலைவர்களை உருவாக்கப் போனால் ஆளுக்கொரு கட்சியாகிவிடாதா?" என்று கேட்பார்கள். ஐயம் நியாயமானது. ஆகவே நம் வழியில் தலைமை என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்.

தாழ்த்தப்பட்ட மக்கள் தலையில் துணி கட்டக்கூடாது என்று இருந்த காலத்தில், அய்யா தம் மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். யாரோ ஒருவருக்கு மட்டும் அந்த உரிமையை அவர் கொடுக்கவில்லை. வந்த எல்லாருக்கும் கொடுத்தார். தாங்கலுக்குள் நிற்கும் ஒவ்வொருவரும் முடிசூடியவரே. ஆகவே தலைமை என்பது ஒரு வீட்டுக்கோ ஒரு குடும்பத்துக்கோ எழுதிவைத்த சொத்தாக இருக்கமுடியாது. சாமித்தோப்பில் முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீராடியது போல, பொறுப்பிலும் எல்லாரும் கைவைக்கலாம்.

இன்னொன்று, பள்ளியறைக் கண்ணாடி. நாம் கும்பிடப் போனால் நம் முகமே நமக்கு எதிரே தெரிகிறது. பொறுப்புக்கு வருகிறவர் அடுத்தவரின் குறையைப் பார்க்குமுன் தம்மைப் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிட எளிய பாடம் தேவையில்லை.

நம் வழியில் தலைமைக்குப் பெயர் பணிவிடை. பணிந்து செய்கிற வேலை. முன்னால் போய் நிற்பதைவிட முன்னால் வந்து தரையைக் கூட்டுவதே அதற்கு அடையாளம்.

3. யாரைச் சேர்ப்பது?

ஒரு தாங்கலுக்குப் பத்துப் பேர் போதும். சிறிய ஊர் என்றால் ஆறு பேரும் போதும். பதினெட்டு வயது முதல் நாற்பது வயதுக்குள் இருப்பவர்களாகப் பார்க்கலாம். கீழ்க்கண்டவற்றைக் கவனித்துச் சேருங்கள்.

பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். துவையல் தவசில் குடும்பமே கலந்துகொண்டபோது, இன்றைய பயிற்சியில் பெண்களைச் சமையற்கட்டோடு நிறுத்திவிடுவதற்கு நியாயம் இல்லை. பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் குளிப்பாட்டி, நாமம் இட்டு, தாங்கலுக்குக் கூட்டிவருவது தாய்மார்தான். அடுத்த தலைமுறை அவர்கள் கையில்தான் இருக்கிறது.

ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு பேருக்குமேல் வேண்டாம். ஊரின் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வரட்டும்.

நன்றாகப் பேசத் தெரிந்தவரை மட்டும் தேடவேண்டாம். அன்னதருமம் முடிந்தபின் யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவ நிற்கிற பிள்ளை ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும். அந்தப் பிள்ளையின் பெயரை முதலில் எழுதுங்கள்.

வெளியூரில் வேலை பார்ப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஏடு வாசிப்புக்கும் திருவிழாவுக்கும் வருகிறவர்களுக்கு அந்த நாட்களில் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். கணக்கு எழுதுவது, ஆவணங்களைப் படியெடுத்து வைப்பது போன்ற வேலைகளைத் தொலைவில் இருந்தும் செய்யலாம்.

பிறகு, இரண்டு பேருக்கு ஒரு மூத்தவர் என்று இணைத்துவிடுங்கள். இந்த இணைப்பே பயிற்சியின் உயிர். மூத்தவர் இல்லாத பயிற்சி வெறும் கூட்டமாகப் போய்விடும்.

4. ஓராண்டு, ஆறு பணிகள்

மாசி 20 அவதாரத் திருநாள் முடிந்தபின் தொடங்கி அடுத்த மாசி 20-க்கு முன் முடிப்பது நல்லது. ஒவ்வொரு பணிக்கும் இரண்டு மாதம். மாதம் இரண்டு ஞாயிறு, உச்சிப்படிப்பு முடிந்ததும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். மீதி எல்லாம் வேலை செய்துகொண்டே கற்பது.

முதற்பணி: பள்ளியறை. விளக்குத் துலக்குவது, திரி போடுவது, காவித்துணி துவைப்பது, கண்ணாடி துடைப்பது, பதமும் நாமமும் ஆயத்தம் செய்வது, உகப்படிப்பையும் உச்சிப்படிப்பையும் பிழையின்றிச் சொல்வது. இதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. துவையல் தவசும் துணி துவைப்பதில்தானே தொடங்கியது? உடலும் உடையும் இடமும் சுத்தமாக வைக்கப் பழகாதவர் ஊரை நடத்தப் பழகமாட்டார். இந்த இரண்டு மாதமும் பத்துப் பேரும் முறைவைத்துத் தாங்கலைக் கூட்டிக் கழுவவேண்டும். படித்தவர், பணக்காரர் என்று யாருக்கும் விலக்கு இல்லை.

இரண்டாம் பணி: ஏடு. அகிலத்தில் விருத்தமும் நடையும் மாறி மாறி வரும். இரண்டையும் ஒரே மாதிரி வாசித்தால் கேட்பவர் மனத்தில் ஏறாது. மூத்தவர் ஒரு பக்கம் வாசிக்க, இளையவர் அதே பக்கத்தைத் திரும்ப வாசிக்கட்டும். அதோடு நிறுத்தாமல், வாசித்த பகுதியின் பொருளை ஐந்து நிமிடத்தில் வீட்டில் பேசுகிற தமிழில் சொல்லிக்காட்டவேண்டும். பத்து வயதுப் பிள்ளை கேட்டு, "புரிஞ்சுது" என்று சொன்னால் அவர் தேறிவிட்டார். ஊரில் ஏடு வாசிப்பு 10 நாள் நடந்தாலும் 17 நாள் நடந்தாலும், அதில் ஒரு நாள் வாசிப்பைப் பயிற்சி பெறுகிறவர்களுக்கு ஒதுக்கிக் கொடுங்கள்.

மூன்றாம் பணி: அன்னதருமம். இதற்குக் கணக்கும் வேண்டும், கனிவும் வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு எட்டு முதல் பத்துப் பேர் என்பது ஊர்ச் சமையலில் வழங்கும் கணக்கு. 250 பேர் வருவார்கள் என்றால் 25 முதல் 31 கிலோ வரை. நடுவில் 28 கிலோ என்று வைத்துக்கொண்டு, மூன்று கிலோவைத் தனியே கழுவாமல் வைத்திருந்தால் கூட்டம் கூடினாலும் பயமில்லை, குறைந்தாலும் வீணில்லை. அரிசி வாங்கும் இடம், விறகு, தண்ணீர், பாத்திரம், இலை, பரிமாற ஆள், கை கழுவும் இடம், எச்சில் இலை போடும் குழி என்று பட்டியல் எழுதிப் பழகட்டும். சமைத்தவர்கள் கடைசிப் பந்தியில் சாப்பிடவேண்டும். பந்தியில் இடம் ஒதுக்குவது, முக்கியமானவருக்கு முதல் இலை போடுவது போன்றவை நுழைந்தால் அங்கே அன்னம் இருக்கும், தருமம் இருக்காது. இதை இளையவர்களுக்கு வெளிப்படையாகவே சொல்லிக்கொடுங்கள்.

நான்காம் பணி: கணக்கும் ஆவணமும். காணிக்கையையும் பலியையும் விலக்கிய வழி நம்முடையது. அந்த வழியில் மக்கள் மனமுவந்து தரும் ஒவ்வொரு ரூபாயும் தருமப் பணம். அதைத் தொடுகிற கை எப்போதும் இரண்டு பேருடைய கையாக இருக்கவேண்டும். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத. வங்கிக் கணக்கு தாங்கலின் பெயரில், இருவர் கையெழுத்தில் இருக்கட்டும். இப்போது பலர் கைப்பேசி மூலம் பணம் அனுப்புகிறார்கள். அது பொருளாளரின் சொந்தக் கணக்குக்குப் போகாமல் தாங்கல் கணக்குக்கே போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். பொருளாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இது வேண்டும். அவருடைய நல்ல பெயரைக் காப்பதும் நம் கடமையல்லவா? மாதக் கடைசியில் வரவு, செலவு, இருப்பு மூன்றையும் தாங்கல் வாசல் பலகையில் எழுதிப்போடுங்கள்.

ஆவணம் என்றால் நிலப் பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று, தீர்வை ரசீது, மின்கட்டண ரசீது. இவை யார் பெயரில் இருக்கின்றன, எங்கே இருக்கின்றன என்று பயிற்சி பெறுகிறவர்கள் தேடிப் பட்டியல் போடவேண்டும். இறந்துபோன ஒருவரின் பெயரிலேயே பட்டா இருந்தால், அது தகராறாக வளருமுன் சரிசெய்ய இதுவே சமயம். தாங்கலை 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிந்திருந்தால், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டுவதும் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்வதும் கட்டாயம். அந்தப் படிவங்களை இளையவர்களையே நிரப்பச் சொல்லிப் பழக்குங்கள்.

ஐந்தாம் பணி: வீடு தேடிப் போவது. நிழல் தாங்கல் என்ற பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது. வெயிலில் நிற்பவருக்கு நிழலாகி, விழப்போகிறவரைத் தாங்கவேண்டும். தாங்கலுக்கு வருகிறவர்களை மட்டும் கவனித்தால் அந்தப் பெயருக்கு நாம் பொருந்தமாட்டோம். பத்துப் பேரும் ஊரை ஐந்து பகுதியாகப் பிரித்து, இருவர் இருவராக ஒவ்வொரு வீட்டுக்கும் போகவேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர் யார்? தனியாக இருக்கும் மூதாட்டி யார்? குடிப்பழக்கத்தால் சீரழியும் வீடு எது? பணமில்லாமல் படிப்பை நிறுத்தப்போகும் பிள்ளை எது? தாங்கலுக்கு வந்துகொண்டிருந்து நின்றுபோனவர் யார், ஏன்?

போன இடத்தில் அறிவுரை சொல்லத் தொடங்கிவிடக்கூடாது. முதலில் கேட்பது. பிறகு செய்யக்கூடிய ஒன்றைச் செய்வது. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போவது, மருத்துவமனைக்குத் துணையாகப் போவது, பரீட்சை எழுதும் பிள்ளைகள் மாலையில் படிக்கத் தாங்கல் முற்றத்தில் விளக்குப் போட்டுக்கொடுப்பது எல்லாம் பணிவிடையே. உங்கள் ஊர் ஊராட்சிப் பகுதியாக இருந்தால், சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நடக்கும் கிராம சபைக்கும் இளையவர்களை அனுப்புங்கள். தெருக்குழாய், சாக்கடை, சுடுகாட்டுப் பாதை பற்றி ஊருக்காக எழுந்து நின்று பேசக் கற்பதும் நம் பாடத்தில் ஒன்று.

ஆறாம் பணி: கூட்டம் நடத்துவதும் பிணக்குத் தீர்ப்பதும். பல தாங்கல்கள் தளர்ந்துபோவது வறுமையால் அல்ல, கூட்டத்தில் எழுந்த ஒரு சொல்லால். ஆகவே கூட்டம் நடத்துவதையும் ஒரு வேலையாகக் கற்கவேண்டும். என்ன பேசப்போகிறோம் என்பதை மூன்று நாளுக்கு முன்பே எழுதிப்போடுவது, வயதில் இளையவரை முதலில் பேசவிட்டு மூத்தவர்கள் கடைசியில் பேசுவது, முடிவை அங்கேயே நோட்டில் எழுதி உரக்க வாசித்துக் காட்டுவது ஆகிய மூன்றும் பழக்கமானால் பாதிச் சண்டை குறையும்.

எடுத்துக்காட்டாக ஒரு நிலையை வைத்துப் பயிற்சி செய்யுங்கள். திருவிழாவில் வாகனத்துக்கு முதல் சுருள் யார் வைப்பது என்று இரண்டு குடும்பத்துக்குள் மனக்கசப்பு. "எங்க தாத்தா காலத்திலேயிருந்து நாங்கதான் வைக்கிறோம்" என்கிறது ஒரு வீடு. "நாங்களும் வரி கொடுக்கிறோம்ல?" என்கிறது இன்னொரு வீடு. பயிற்சி பெறுகிறவர் என்ன செய்வார்? கூட்டத்தில் எல்லார் முன்னாலும் தீர்ப்புச் சொன்னால் தோற்ற வீடு தாங்கலை விட்டுப் போகும். அதனால் முதலில் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியே போகவேண்டும். கேட்டதை அங்குமிங்கும் கொண்டுபோகாமல், இரு வீட்டுப் பெரியவர்களையும் பள்ளியறை முன் உட்காரவைத்து, அவர்கள் வாயாலேயே வழி வரச் செய்யவேண்டும். ஆண்டு மாறி ஆண்டு வைக்கலாம். வாகனம் போகும் தெருவின் வீட்டு வரிசைப்படியே வைக்கலாம். எந்த முடிவானாலும் இரண்டு வீடும் அன்று ஒரே பந்தியில் சாப்பிட்டு எழுந்தால் அதுவே நல்ல தீர்வு.

5. கற்றுக்கொடுக்கும் முறை

ஆறு பணிகளுக்கும் முறை ஒன்றுதான். அதில் நான்கு படிகள்.

முதல் படி, பார்ப்பது: மூத்தவர் செய்வார், இளையவர் பக்கத்தில் நிற்பார். இரண்டாம் படி, கூடச் செய்வது: வேலையில் பாதி இளையவர் கையில். மூன்றாம் படி, தனியே செய்வது: மூத்தவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், கேட்டால் மட்டும் சொல்வார். நான்காம் படி, சொல்லிக்கொடுப்பது: இளையவர் தமக்கும் இளைய ஒருவருக்கு அதே வேலையைக் கற்றுத்தருவார். நான்காம் படியைத் தாண்டாத யாரும் பயிற்சி முடித்தவர் ஆகமாட்டார்.

மூத்தவர்களுக்குக் கடினமானது மூன்றாம் படிதான். இளையவர் உச்சிப்படிப்பில் ஒரு வரியைத் தவறவிடுவார், விளக்கு எண்ணெயைச் சிந்துவார், குழம்பில் உப்பைக் கூட்டிப்போடுவார். உடனே கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளத் தோன்றும். அந்த ஒரு நொடி பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி! எல்லாம் முடிந்தபின் தனியே கூப்பிட்டு, "மக்கா, இந்த இடத்தில் இப்படிச் செய்" என்றால் அவர் சாகும்வரை மறக்கமாட்டார். எல்லார் முன்னாலும் அதட்டினால் அடுத்த ஞாயிறு வரமாட்டார்.

இளையவர்களுக்கும் ஒரு சொல். பெரியவர்கள் செய்கிற முறை பழையதாகத் தோன்றலாம். முதலில் அப்படியே கற்றுக்கொள்ளுங்கள். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். காரணம் தெரிந்தபின் மாற்றவேண்டியதைக் கூட்டத்தில் வைத்து மாற்றலாம். கைப்பேசியில் இருக்கிற அறிவும் பெரியவர் கையில் இருக்கிற பழக்கமும் ஒன்றுக்கொன்று துணை.

6. நடுவில் புகும் கலி

குறோணியின் கடைசித் துண்டு கலியனாக வந்தது என்று ஏடு சொல்கிறது. கலியை வெளியில் எங்கோ தேடவேண்டாம். பதவி இருக்கும் இடத்தில் அது பாய் விரித்து உட்காரும். பயிற்சி நடக்கும்போது மூன்று உருவத்தில் அது வரக்கூடும்.

ஒன்று, "என்னால்தான்" என்னும் எண்ணம். நான் இல்லாவிட்டால் தாங்கல் நடக்காது என்று நினைப்பது. அய்யா வைகுண்டம் ஏகிய பிறகும் தருமம் தளராமல் நடக்கிறது. அப்படியிருக்க நம்மில் யார் இல்லாவிட்டால் எது நின்றுவிடும்?

இரண்டு, பொறாமை. பக்கத்து வீட்டுப் பிள்ளை நன்றாக ஏடு வாசித்தால் நம் பிள்ளைக்கு வாய்ப்புப் போயிற்றே என்று வருந்துவது. தாங்கலில் செய்ய ஆயிரம் வேலை கிடக்கிறது. ஒருவர் வளர்வதால் இன்னொருவருக்கு இடம் குறையாது.

மூன்று, தேர்தல் காலத்து ஆசை. தாங்கல் பொறுப்பை ஏணியாக வைத்து வேறு பதவிக்கு ஏறப் பார்ப்பது. எந்தக் கட்சியிலும் இருப்பது அவரவர் உரிமை. ஆனால் தலைப்பாகையோடு நிற்கும்போது கட்சித் துண்டு தோளில் இருக்கக்கூடாது என்பதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே எல்லாரும் ஒத்துக்கொள்ளட்டும்.

இம்மூன்றுக்கும் மருந்து கண்ணாடிதான். மாதம் ஒருமுறை பத்துப் பேரும் பள்ளியறை முன் அமைதியாகக் கால் மணி நேரம் உட்கார்ந்து, "இந்த மாதம் நான் செய்ததில் எது தருமத்துக்கு, எது என் பெயருக்கு?" என்று தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும். யாரும் வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை.

7. பொறுப்புக் கைமாறும் நாள்

ஆண்டு முடிந்து மாசி 20 வரும். அன்று சான்றிதழும் பொன்னாடையும் வேண்டாம். செய்யவேண்டியது மூன்று.

பள்ளியறைச் சாவிக்கு இன்னொரு சாவி செய்து, பயிற்சி முடித்தவர்களில் ஒருவர் கையில் கொடுங்கள். கணக்கு நோட்டில் இரண்டாவது கையெழுத்து இடும் பொறுப்பை இன்னொருவருக்குக் கொடுங்கள். அன்றைய பணிவிடை முழுவதையும் இளையவர்கள் செய்யட்டும். பெரியவர்கள் அவர்கள் கையால் நாமமும் பதமும் பெற்றுக்கொள்ளட்டும்.

தாம் பழக்கிய பிள்ளையின் முன் தலை தாழ்த்தி நாமம் வாங்குகிற பெரியவருக்கு அதைவிடப் பெரிய சிறப்பு வேறில்லை. அவர் எதையும் இழக்கவில்லை. தாம் தாங்கிய நிழலைத் தாங்க இன்னும் பத்துத் தோள்களைச் சேர்த்திருக்கிறார். அடுத்த ஞாயிறு அந்தப் பத்துப் பேரும் தமக்கு அடுத்தவர்களின் பெயரை எழுதத் தொடங்கலாம்.

சிந்திக்க

1. உங்கள் தாங்கலில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலைகள் எவை? பட்டியல் எழுதுங்கள்.

2. ஆறு பணிகளில் உங்கள் ஊருக்கு மிகவும் அவசரமானது எது? ஏன்?

3. துவையல் தவசில் குடும்பம் குடும்பமாகக் கலந்துகொண்டதிலிருந்து நம் தாங்கல் நிர்வாகம் கற்கவேண்டியது என்ன?

4. சொல்லாமலே வேலை செய்கிற ஒரு பிள்ளையின் பெயரை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பிள்ளையிடம் இதுவரை யாராவது பேசியிருக்கிறார்களா?

இந்த வாரம் செய்ய

பெரியவர்கள் தமக்குத் தெரிந்த ஒரே ஒரு வேலையை, விளக்குத் திரி போடுவதாக இருந்தாலும் சரி, ஓர் இளையவரைப் பக்கத்தில் நிறுத்திச் செய்யுங்கள். இளையவர்கள் இந்த ஞாயிறு அரை மணி நேரம் முன்னதாகத் தாங்கலுக்குப் போய், "நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். பயிற்சி அங்கேயே தொடங்கிவிடும்.

அய்யா உண்டு!